முன்னால் யாருமில்லாத வெள்ளி

1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் கட்டடக்கலைப் போட்டியில் தங்கம் யாருக்கும் தரப்படவில்லை. நடுவர்கள் அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். விளையாட்டரங்கத் திட்டம் ஒன்றை அனுப்பியிருந்த ஹங்கேரியின் ஆல்ஃபிரேட் ஹாயோஷ், தெஷோ லாவ்பர் இணைக்கு வெள்ளி. மொனாக்கோவின் ஜூலியன் மெத்சேனுக்கு வெண்கலம்.

ஒலிம்பிக்கில் கலைக்கும் பதக்கம் வேண்டும் என்பது நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த கூபெர்த்தானின் கனவு. 1912 முதல் 1948 வரை ஏழு ஒலிம்பிக்குகளில் அது நடந்தது. விளையாட்டைக் கருவாகக் கொண்ட படைப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அந்த நிபந்தனைக்கு ஹாயோஷைவிடப் பொருத்தமானவர் யார்? அவருக்கு 13 வயதிருக்கும்போது தந்தை டான்யூப் ஆற்றில் மூழ்கி இறந்தார். மகன் நீச்சல் பழகினார். 1896 ஏதென்ஸில், 18 வயதில், 100 மீட்டரிலும் 1,200 மீட்டரிலும் முதலிடம். அன்று நீச்சல்குளம் ஏது? ஜீயா விரிகுடாவின் திறந்த கடலில்தான் போட்டி. தண்ணீர் சுமார் 13 டிகிரி. குளிரைத் தாங்க உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினார். 1,200 மீட்டருக்குப் படகில் கொண்டுபோய் நடுக்கடலில் விட்டார்கள். கரைக்கு நீந்தி வரவேண்டும். அலையோடு மல்லுக்கட்டி 18 நிமிடம் 22.2 வினாடியில் வந்துசேர்ந்தார். அடுத்தவர் கரையேற இரண்டரை நிமிடத்துக்கும் மேலானது. பின்னாளில் ஹங்கேரி கால்பந்து அணியிலும் ஆடினார். லாவ்பரும் லேசுப்பட்டவர் இல்லை. 1908 ஒலிம்பிக்கில் டென்னிஸ் ஆடியவர்.

வீரனுக்கு என்ன தேவை என்பதை உடம்பால் அறிந்த கைகள் வரைந்த திட்டம் அது. 1928இல் தங்கம் வென்ற யான் வில்ஸுக்கு, கட்டி முடித்து ஒலிம்பிக்கே நடந்துகொண்டிருந்த ஆம்ஸ்டர்டாம் அரங்கம் துணை நின்றது. ஹாயோஷ் போட்டிக்கு வைத்தது வரைபடத்தை. எனக்கு அந்த வெள்ளி தங்கத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

தன் திறமைக்கு அவர் தந்த பெரிய சான்று 1930இல் வந்தது: புடாபெஸ்ட்டின் மார்கரெட் தீவில் அவர் வடிவமைத்த தேசிய நீச்சல் அரங்கம். கடலில் நடுங்கியவர் தன் நாட்டு வீரர்களுக்குக் கூரையுள்ள குளம் கட்டிக்கொடுத்தார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2006இலும் 2010இலும் ஐரோப்பிய நீச்சல் சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது.

விளையாட்டு, கலை இரண்டிலும் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் உலகத்திலேயே இருவர்தான்: அமெரிக்காவின் வால்டர் வைனன்ஸ், அடுத்து ஹாயோஷ். ஆனாலும் நாடுகளின் பதக்கக் கணக்கில் கலைப் பதக்கங்கள் சேர்வதில்லை. ஒலிம்பிக் மேடையில் கொடுத்த பதக்கத்தை ஒலிம்பிக் கணக்கிலும் எழுத வேண்டும்.