தூங்கணங்குரீஇயும் உவமையின் எல்லையும்

சங்கப் பாடல்களில் வரும் புள்ளினங்களை இன்னின்ன என அடையாளங் கண்டுரைக்கும் பணி பெரிதும் நிகழ்ந்துள்ளது. பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' அத்துறையில் குறிப்பிடத்தக்க நூல். பறவையை அறிந்தபின் அவ்வறிவைப் பாட்டினுள் எத்துணைப் புகுத்தலாம் என்பது அடுத்து எழும் வினா. தூங்கணங்குரீஇ ஒன்றனையே கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

குரீஇ என்பது குருவியைக் குறிக்கும் பழைய வடிவம். தூங்குதல் தொங்குதலாதலின், கூடு பற்றி வந்த பெயர் இது. இக்காலத்தார் தூக்கணாங்குருவி என வழங்குவர்; பறவை நூலார் பிளோசியஸ் பிலிப்பினஸ் என்பர். பெடை மனைக்குருவியை ஒத்துப் பழுப்பு நிறமும் கோடுகளும் உடையது. சேவலும் ஏனைக் காலங்களில் அத்தகையதே, கூடு கட்டும் பருவத்தில் அதன் உச்சி பொன்மஞ்சளாகும், முகம் கருக்கும்.

நெல்வயலும் நீரும் பனையும் அடுத்தடுத்து அமைந்த நிலம் இதற்கு மிக உகந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருப்பனந்தாள் அத்தகைய நிலத்தது. ஊர்ப்பெயரிலேயே பனை உள்ளது. அங்குள்ள தாடகையீச்சரத்தின் தலமரமும் பனையே. சேவல் நெல்லின் இலையையும் பனையோலையையும் 20 முதல் 60 செ.மீ. வரை நீளமுள்ள நார்களாகக் கிழித்துக் கூடு முடையும். பாதி முடைந்த கூட்டில் தொங்கிச் சிறகடித்துச் சேவல்கள் கூட்டமாகக் கீச்சிடும். அதனையடுத்து நீண்டதோர் இழுப்பொலி எழும். பெடை வந்து நோக்கி உடன்பட்ட பின்னரே கூடு முற்றுப்பெறும். இவ்வியல்பைச் சாலிம் அலி 1931இல் ஆராய்ந்து வெளியிட்டார்.

குறுந்தொகை 374ஆம் பாட்டு உறையூர்ப் பல்காயனார் இயற்றியது. மறைந்த ஒழுக்கம் பெற்றோர்க்கு வெளிப்பட்டபின் வெற்பன் வந்து இரப்ப, நெடும்பனையில் இக்குருவி தொடுத்த கூட்டினும் மயங்கிக் கிடந்த ஊர் ஒன்றாயிற்று என்பது அதன் கருத்து. பெடையின் உடன்பாட்டை அறிந்தார் சிலர் அதனைத் தலைவியின் உள்ளத் தெரிவுக்கு இறைச்சியாக்க விழைதல் கூடும். அவ்வுரை நயமுடைத்து, ஆயினும் பொருந்தாது. பாட்டில் பெடை இல்லை. உவமிக்கப்பட்டது தலைவியன்று, ஊர். உவமையும் பொருளும் கூடுமிடம் மயக்கம் ஒன்றே.

எனினும் பின்னலின் இயல்பை அறிதல் இங்குப் பெரிதும் பயன்படும். நார்கள் ஒன்றினுள் ஒன்று புக்கு, முதலும் முடிவும் தோன்றாது கிடக்கும். காண்பார்க்கே அது சிக்கல். காற்றையும் மழையையும் தாங்கும் ஒழுங்கு அதனுள் உண்டு. ஊரின் மயக்கத்துக்கோ அவ்வொழுங்கும் இல்லை. கூடுபோல் மயங்கிய ஊர் என்னாது கூட்டினும் மயங்கிய ஊர் என்றமையின் பொருள் இதுவே எனக் கருதுகின்றோம்.

புறநானூறு 225ஆம் பாட்டு, சோழன் நலங்கிள்ளி மறைந்தபின் ஆலத்தூர் கிழார் பாடிய கையறுநிலை. படையில் முன்சென்றோர் நுங்கும், இடையில் சென்றோர் பழமும், கடையில் சென்றோர் சுட்ட கிழங்கும் உண்டனர் என அது தொடங்குகிறது. படையின் நீளம் பனையால் அளக்கப்பட்டது. அவன் செவிப்படுமோ என அஞ்சி ஏனை அரசர் ஊதாது ஒருபுறம் தொங்கவிட்ட சங்குக்கு, இறுதியில் இக்குருவியின் தூங்குகூடு உவமையாகிறது. வடிவும் தொங்குதலும் ஒப்பாதல் வெளிப்படை.

ஒலி பற்றிய அறிவும் இங்கே உரைக்கு உரியதாகும். ஒலிக்கற்பாலது ஒலியாது தொங்கியதும், அவன் இறந்தபின் அது காலைதோறும் ஒலித்தலுமே புலவரின் துயர்க்குக் காரணம். பருவத்தில் ஆரவாரம் மிக்க கூடுகள், குஞ்சுகள் பறந்தபின் ஓசையின்றிக் காற்றில் ஆடும். அதனை அறிந்தார்க்கு இவ்வுவமை வடிவொப்புமையோடு நில்லாது. பனையில் தொடங்கிய பாட்டு, பனையில் வாழும் குருவியின் கூட்டை இறுதியில் கொண்டமையும் நோக்கத்தக்கது.

எனவே இயற்கையறிவு உரையில் புகுதற்குப் பாட்டே வாயில் திறத்தல் வேண்டும். முதற்பாட்டு மயக்கத்தைக் கூறிப் பின்னலுக்கு இடந்தந்தது, பெடைக்கு இடந்தரவில்லை. இரண்டாம் பாட்டு ஊதாத சங்கைக் கூறி ஓசைக்கும் அதன் இன்மைக்கும் இடந்தந்தது. இவ்வேறுபாட்டைப் போற்றாத உரை, பறவை நூலை விளக்குமேயன்றிப் பாட்டை விளக்காது. முதுகலை மாணவர் குருவியை வயலிற் கண்டறிதல் நன்று; அது பாட்டில் எதன்பொருட்டு வந்தது என்பதைப் பாட்டினிடமே கேட்டல் வேண்டும்.