ஒப்பீடும் அளவுகோலும்

மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் மரபணு வேறுபாடு ஒரு விழுக்காடே என்னும் கூற்று மேடைகளிலும் ஏடுகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. மனிதனைத் தாழ்த்த விரும்புவோர் அதைப் போற்றுகின்றனர். அவனது தனிச்சிறப்பை நிலைநாட்ட விரும்புவோர் அதை மறுக்கின்றனர். அந்த எண் எதை அளக்கிறது என்று இரு சாராரும் கேட்பதில்லை.

அக்கேள்வியை 1975இல் மேரி கிளேர் கிங், ஆலன் வில்சன் ஆகியோர் 'சயின்ஸ்' இதழில் எழுப்பினர். புரதங்கள் சராசரியாக 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்க, உடலமைப்பிலும் வாழ்முறையிலும் இத்துணை வேறுபாடு எவ்வாறு வந்தது? மரபணுக்கள் எப்போது, எவ்வுறுப்பில், எந்த அளவில் செயற்படுகின்றன என்பதில் காரணம் இருக்கலாம் என அவர்கள் கருதினர். இச்செயற்பாட்டையே மரபணு வெளிப்பாடு என்கின்றனர்.

இதனைப் பல்லாயிரம் மரபணுக்களில் ஒருசேர ஒப்பிட்ட புகழ்பெற்ற ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஸ்வாந்தே பேபோ குழுவினர் மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான் ஆகியவற்றின் மூளையையும் ஈரலையும் ஆராய்ந்தனர். மனித மூளையில் வெளிப்பாட்டு மாற்றம் விரைந்து நிகழ்ந்துள்ளது என்பது அவர்களது முடிவு.

இங்கு நாம் நிதானிக்க வேண்டும். மனிதரில் மூவர், சிம்பன்சியில் மூன்று, ஒராங்குட்டானில் ஒன்றே ஒன்று. மேலும், பயன்பட்ட மரபணுச் சில்லு மனித மரபணு வரிசைகளைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. சிம்பன்சியின் வரிசையில் ஓரெழுத்து மாறினாலும் அதன் ஆர்.என்.ஏ. சில்லில் சரிவர ஒட்டாது. மரபணு குறைவாகச் செயற்படுவதாகவே கருவி காட்டும். ஒரு நூலின் இரு கையெழுத்துப் பிரதிகளுள் ஒன்றை மூலமாக வைத்து, மற்றதன் மாற்றங்களையெல்லாம் பிழையெனக் குறிப்பதற்கு இது ஒப்பாகும். எனினும் இக்குறை ஈரலையும் மூளையையும் ஒருங்கே பாதிப்பதால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை முழுதும் தள்ளிவிடவும் இயலாது.

இதனைக் களைய யோவாவ் கிலாட் குழுவினர் ஒவ்வோர் இனத்தின் வரிசைக்கும் தனித்தனியே பொருந்தும் சில்லை அமைத்தனர். மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான், ரீசஸ் குரங்கு ஆகியவற்றின் ஈரலில் 1,056 மரபணுக்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். பல மரபணுக்களின் அளவு நான்கு இனங்களிலும் பெரிதும் மாறாதிருந்தது. மனிதவழியில் விரைந்து மாறியவற்றுள் பிற மரபணுக்களை இயக்கும் மரபணுக்கள் மிகுந்திருந்தன. இதற்கிடையே 2005இல் லைப்சிக் குழுவினரே ஐந்து உறுப்புகளை ஒப்பிட்டு, மனித–சிம்பன்சி வேறுபாடு விதையில் மிகுதி, மூளையில் குறைவு எனக் கண்டிருந்தனர். மூளையே மிகுதியும் மாறியது என்னும் பரவலான எண்ணத்துக்கு இது திருத்தமாகும்.

கருவி சீரானாலும் சூழல் சீராகாது. மனிதரின் உணவும் நோயும் வேறு, அடைபட்டு வாழும் சிம்பன்சியின் உணவும் நோயும் வேறு. இறந்தபின் கழியும் நேரமும் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கிறது. எனவே காணப்படும் வேறுபாடு இனத்தினுடையதா, வாழ்வினுடையதா என்று பிரித்தறிதல் கடினம். பின்னர் சிம்பன்சிச் செல்களைக் குருத்துச் செல்களாக மாற்றி, மனிதச் செல்களோடு ஒரே நிலையில் வளர்த்து ஒப்பிடும் வழி திறந்தது. ஆயினும் கண்ணாடித் தட்டில் வளரும் செல் முழு உறுப்பன்று.

ஆதலின் இத்தகைய முடிவை மேடையில் எடுத்துரைக்குமுன் மூன்றைக் கேட்பது நம் கடமை: எந்த உறுப்பு, எத்தனை உயிர்கள், யாருக்காகச் செய்த அளவுகோல்? விடையின்றி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்பவர், போற்றினும் மறுப்பினும், அறிவுக்கு நியாயம் செய்தவராகார்.