மாறும் ஆடையும் மாறாப் பொறியும்

விளம்பரத் தாள்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளல் தகுமோ என ஐயுறுவார் உளர். படம் ஒருபுறமும் அதனை விளக்கும் உரை மறுபுறமும் அமைய, இரண்டும் கூடி ஒரு கருத்தை நிலைநாட்டுமாயின், மூலத்தையும் உரையையும் ஒப்பவைத்து நோக்கிப் பழகிய நமக்கு அஃது அயலான பணியன்று.

சிங்கர் தையற்பொறி நிறுவனம் 1892இல் பல நாட்டு உடைகளைக் காட்டும் 36 வண்ணக் கல்லச்சு அட்டைகளை வெளியிட்டது. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி அவை மக்களுக்கு வழங்கப்பெற்றன. முன்புறத்தில் ஒரு நாட்டார் தம் உடையிற் பொறியைச் சூழ்ந்திருப்பர். பின்புறத்தில் அந்நாட்டின் இயல்பு உரைக்கப்பெறும்.

அட்டைகளை வரிசையாக வைத்துக் காண்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஆடை மாறுகின்றது, பொறி மாறுவதில்லை. எழுவாய் பலவாக, பயனிலை ஒன்றேயாக நிற்கும் தொடர் போல்வது இத்தொகுதி. நாடுகளைப் பற்றிய நூல்போலத் தோன்றினும், இதன் பாட்டுடைத் தலைமை பொறிக்கே உரியது.

இங்கு ஒரு முரண் உண்டு. இதனை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை எழுந்தது. இந்தியா, இலங்கை, சூலு நாடு ஆகியனவும் இத்தொகுதியில் இடம்பெற்றுள்ளன. புடவையும் வேட்டியும் ஊசி வேண்டாதன, நெய்தபடியே உடுத்தப்படுவன. சூலு மக்களின் மரபுடையோ தோலும் மணிகளும் கொண்டது. ஐரோப்பிய நாட்டுப்புற உடைகளின் சிறப்போ பெரிதும் கைப்பூவேலையில் உள்ளது. எனவே, அட்டை போற்றிக் காட்டும் ஆடைகளுட் பல பொறியை வேண்டாதன. சில பொறியால் தம் சிறப்பை இழக்கக் கூடியன. வாங்குவோர் தம் உடையை மாற்றிக்கொண்டாலன்றி விற்பனை பெருகாத நாடுகளும் இவற்றுள் உள. உடையின் அழகைப் பாடிக்கொண்டே அதற்கு விடைகொடுக்கும் அட்டைகள் இவை என்பது என் துணிபு.

இவ்வட்டைகள் மாந்தர் அனைவரையும் ஒரு நிகராகக் காட்டின என்பாரும் உளர். அவர் கூற்று முற்றும் தள்ளத்தக்கதன்று. அக்காலத்து அமெரிக்க விளம்பரங்கள் பல, பிற இனத்தாரை எள்ளி நகையாடின; இவற்றில் அவ்விழிவு இல்லை. அமர்ந்திருப்பார் முகங்களில் பெருமிதமும் காணலாம். ஆயினும், தன் பொறியை நாகரிகத்தின் முன்தூதெனச் சாற்றிய விளம்பரமும் அதே நிறுவனத்தினுடையதே. முன்தூது வேண்டுமெனின், நாகரிகம் இன்னும் சென்றடையாத நாடு ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ? படம் தரும் நிகர்மையை அக்கொள்கை மெல்லப் பறித்துக்கொள்கின்றது.