படம் காட்டாத ஆண்டுகள்

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் 1982-இல் 18 மாணவர்கள் ஏ.பி. நுண்கணிதத் தேர்வு எழுதினார்கள். 18 பேரும் தேறினார்கள். மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. தேர்வு நடத்திய நிறுவனத்துக்குச் சந்தேகம் எழுந்தது; 14 பேரின் விடைகள் ஒத்துப்போகின்றன என்றது. அவர்களில் 12 பேர் மறுதேர்வுக்கு உட்கார்ந்து, அத்தனை பேரும் மீண்டும் தேறினார்கள்.

கல்லூரி முதலாண்டுத் தரத்திலான பாடத்தைப் பள்ளியிலேயே படிக்க வழிசெய்யும் அமெரிக்க ஏற்பாடே ஏ.பி. எனப்படுகிறது. அதன் தேர்வில் மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினால் தேர்ச்சி. நெடுங்காலம் அது வசதியான பள்ளிகளின் சொத்தாகவே இருந்தது. எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது எட்டும் என்று காட்டியவர் கார்ஃபீல்டின் கணித ஆசிரியர் ஹைமே எஸ்கலாண்டே. பொலிவியாவில் ஆசிரியராக இருந்து, அமெரிக்காவுக்கு வந்து, மறுபடியும் பட்டம் படித்துக் கரும்பலகைக்குத் திரும்பியவர்.

அவர் கதை 1988-இல் ‘ஸ்டாண்டு அண்ட் டெலிவர்’ என்ற திரைப்படமாக வந்தது. கூட்டல் கழித்தலில் தடுமாறும் மாணவர்கள் மிகக் குறுகிய காலத்தில் நுண்கணிதம் வரை ஏறிவிடுவதுபோல் படம் காட்டுகிறது. நடந்தது வேறு. எஸ்கலாண்டே பள்ளியில் சேர்ந்தது 1974-இல். நுண்கணித வகுப்பைத் தொடங்கவே நான்காண்டுகள் ஆயின. 1979-இல் தேர்வு எழுதியவர்கள் ஐந்தே பேர்.

அந்த இடைவெளியில் நடந்த வேலையைத்தான் கல்வியாளர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். நுண்கணிதத்துக்கு முன்னால் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக உறுதிப்பட வேண்டும். எஸ்கலாண்டே தன்னோடு பென் ஹிமெனெஸ் போன்ற ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு கீழ்வகுப்புகளைச் சீராக்கினார். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியில் கோடை வகுப்புகள் நடந்தன. பள்ளி திறக்கும் முன்பும், மணி அடித்த பின்பும், சனிக்கிழமையிலும் பாடம் தொடர்ந்தது. தலைமையாசிரியர் ஹென்றி கிராடியாஸ் அடிப்படைக் கணித வகுப்புகளைக் குறைத்து, அவற்றில் இருந்தவர்களையும் இயற்கணிதம் படிக்க வைத்தார். பலன் 1987-இல் உச்சம் தொட்டது: நுண்கணிதத்தின் முதல் நிலையில் 73 பேரும் அடுத்த நிலையில் 12 பேரும் தேறினார்கள்.

இந்த முறையின் பெரும் பலம், பாடத்தை இளக்காமல் மாணவரை அதன் உயரத்துக்குத் தூக்கியது. பின்தங்கியவர்களுக்கு எளிய கணக்குகளையே திரும்பத் திரும்பக் கொடுப்பது வழக்கமாக இருந்த இடத்தில், கூடுதல் நேரமும் கூடுதல் எதிர்பார்ப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கார்ஃபீல்டு நிரூபித்தது.

குறையும் சிறிதல்ல. எல்லாம் சில மனிதர்களின் தோளில் நின்றன. எஸ்கலாண்டேயின் சில வகுப்புகளில் 50-க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். ஆசிரியர் சங்கத்தின் ஒப்பந்த வரம்பு 35. சங்கத்தின் ஆட்சேபத்தை வெறும் பொறாமை என்று தள்ள முடியாது. ஓர் அசாதாரண ஆசிரியர் விரும்பிச் சுமந்ததை ஒவ்வோர் ஆசிரியருக்கும் கடமையாக்குவது நியாயமாகாது. கிராடியாஸ் 1987-இல் விலகினார். எஸ்கலாண்டேயும் ஹிமெனெஸும் 1991-இல் வெளியேறினார்கள். 1996-இல் இரு நிலைகளிலும் சேர்த்துத் தேறியவர்கள் 11 பேர்தான்.

எஸ்கலாண்டேயைப் பற்றி நூல் எழுதிய பத்திரிகையாளர் ஜே மேத்யூஸ், 1998-இல் பள்ளிகளுக்கு ஒரு தரவரிசை வகுத்தார். எழுதப்பட்ட ஏ.பி. போன்ற தேர்வுகளின் எண்ணிக்கையை அந்த ஆண்டு பள்ளிப்படிப்பை முடிப்பவர்களின் எண்ணிக்கையால் வகுப்பது அதன் அடிப்படை. தேர்ச்சி அந்தக் கணக்கில் வராது. சிறந்த மாணவரை மட்டும் உட்கார வைத்துத் தேர்ச்சி விகிதத்தைக் காட்டிக்கொள்ளும் பள்ளிகளுக்கு அது சரியான பதில். ஆனால் கதவைத் திறப்பதையே சாதனையாக எண்ணும் வழியையும் அது திறந்துவிட்டது. இயற்கணிதம் ஊன்றாத மாணவரை நுண்கணித வகுப்பில் அமர்த்தினால் அவருக்குக் கிடைப்பது வாய்ப்பல்ல, தோல்வி.

கார்ஃபீல்டுக்கு இல்லாத நிலைப்பை வேறு இரண்டு முயற்சிகளில் காணலாம். சான் டியேகோவின் கிளேர்மான்ட் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை மேரி கேத்தரின் ஸ்வான்சன் 1980-இல் 32 மாணவர்களோடு தொடங்கிய ‘அவிட்’ திட்டம், குறிப்பெடுக்கும் பயிற்சியையும் கல்லூரி மாணவர்கள் தரும் துணைப்பாடத்தையும் கால அட்டவணைக்குள்ளேயே வைத்தது. ஆர்வமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதால், அதன் வெற்றியில் திட்டத்தின் பங்கு எவ்வளவு, மாணவரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். டெக்சஸில் டல்லாஸ் பள்ளிகளில் 1990-களில் வந்த திட்டம், ஏ.பி. தேர்ச்சிக்கு ஆசிரியருக்கும் மாணவருக்கும் பணம் கொடுத்தது. கூடவே கீழ்வகுப்பு ஆசிரியர்களையும் பயிற்சியில் இணைத்தது. பொருளியலாளர் கிராபோ ஜாக்சன் ஆராய்ந்தபோது, கல்லூரியில் சேர்வோர் கூடியிருந்தது தெரிந்தது. நன்கொடையாளர் கையை எதிர்பார்ப்பது அதன் பலவீனம்.

மூன்றையும் ஒப்பிட்டால், ஆசிரியரின் கூடுதல் மணிநேரத்துக்குச் சம்பளமும், ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே இயற்கணித அடித்தளமும், தலைமையாசிரியர் மாறினாலும் மாறாத அட்டவணையும்தான் அடிப்படைத் தேவைகள் என்று தெரிகிறது. கடினமான பாடத்தைத் தொடங்க விரும்பும் பள்ளி, மாணவர் பட்டியலைத் தயாரிக்கும் முன் இம்மூன்றுக்கும் நிதி ஒதுக்கியாக வேண்டும்.