ஆதாரம் காட்டும் முறை: மயிலைத் தோமா மரபை முன்னிட்டு ஒரு திறனாய்வு

இறையியல் மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்குறிப்புகளுக்குக் குறைவில்லை. ஆயினும், அவை சுட்டும் ஆதாரங்கள் எத்தகையவை என்பது பலவேளைகளில் வாசகருக்கு விளங்குவதில்லை. அப்போஸ்தலனாகிய தோமா மயிலாப்பூரில் இரத்தசாட்சியாக மரித்தார் என்னும் மரபைப் பற்றிய கட்டுரைகளில் இக்குறை தெளிவாகத் தோன்றுகிறது. பழைய நூல், பயணக் குறிப்பு, கல்லெழுத்து, ஆலயம், வாய்மொழி ஆகிய யாவும் ஒரே வரிசையில், ஒரே எடையுடன் நிறுத்தப்படுகின்றன. இம்முறை ஏற்கத்தக்கதன்று என்பது நம் கருத்து.

முதலாவது, நூல்களை நோக்குவோம். 'தோமாவின் நடபடிகள்' கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்ததென அறிஞர் பலர் கருதுவர். மஸ்தாய் மன்னனின் கட்டளைப்படி வீரர் அவரை ஈட்டியால் குத்திக் கொன்றனர் என்று அது கூறுகிறது. மயிலாப்பூரின் பெயர் அதில் இல்லை. மார்க்கோ போலோ 1298-ஆம் ஆண்டளவில் எழுதுவித்த நூலோ, மயில் வேட்டையாடிய ஒருவனின் அம்பு தவறிப் பட்டு அவர் இறந்தார் என்கிறது. கல்லறை உள்ள இடத்தை மாபார் நாட்டுச் சிற்றூர் என்கிறதேயன்றி, அதன் பெயரைச் சொல்லவில்லை. இவ்விரண்டையும் ஒரே அடிக்குறிப்பில் சேர்த்து, மயிலையில் ஈட்டியால் கொல்லப்பட்டார் என்பதற்குச் சான்றாக்குவது, நூல்கள் சொல்லாததை அவற்றின் வாயில் இடுவதாகும். மேலும், யூல் 1871-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தவர் அப்பதிப்பையே பக்க எண்ணுடன் குறிக்கவேண்டும். பிறர் நூலில் மேற்கோளாகக் கண்டதை மூலத்தில் கண்டதுபோல் காட்டலாகாது.

அடுத்து, மயிலாப்பூருக்குத் தென்மேற்கே பரங்கிமலை ஆலயத்திலுள்ள சிலுவைக் கல். 1547-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட இக்கல்லின் பஹ்லவி எழுத்துகளைப் பர்னெல் 1873-இல் வாசித்து வெளியிட்டார். பின்வந்தோரின் வாசிப்புகள் வேறுபடுகின்றன. எனவே, கல் உள்ள இடம், வாசித்தவர் பெயர், வாசித்த ஆண்டு ஆகிய மூன்றும் குறிப்பில் இடம்பெறவேண்டும். கல் அப்போஸ்தலர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. பாரசீகத் தொடர்புடைய பழைய கிறிஸ்தவ சபை ஒன்றுக்கு அது சாட்சி. சாந்தோமில் இன்றுள்ள ஆலயமோ 1896-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மரபு போற்றப்பட்டதற்கு அது சான்று. முதல் நூற்றாண்டு நிகழ்ச்சிக்கன்று.

வாய்மொழிச் சான்றுக்குத் தனிக் கவனம் தேவை. சபைப் பெரியவர் கூறியதை எழுதுவோர், அவர் இசைவு பெற்று, பேட்டியின் இடத்தையும் நாளையும் குறிக்கவேண்டும். முன்னோர் வழி கேட்டாரா, அச்சிட்ட சிறுநூலில் படித்தாரா என்பதையும் வினவவேண்டும். நூலிலிருந்து வாய்க்குச் சென்று, வாயிலிருந்து கட்டுரைக்குத் திரும்பும் செய்தி, இரண்டு சாட்சிகள் ஆகிவிடாது.

இவ்வாறு பிரித்துக் காட்டினால் மரபு வலுவிழக்கும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. மரபை மறுப்போர் முதலில் பற்றிக்கொள்வது பிழையான அடிக்குறிப்பையே. லூக்கா தம் சுவிசேஷத்தின் முகவுரையில், கண்கண்ட சாட்சிகளையும் முன்னரே எழுதியோரையும் வேறு பிரித்துச் சுட்டி, தாம் ஆராய்ந்ததையும் அறிவிக்கிறார். பிரசங்க பீடத்தில் நிற்கப்போகும் மாணவர் அந்நேர்மையைக் கட்டுரையிலேயே பழகுதல் தகும். ஆசிரியர்களும் அடிக்குறிப்புகளை எண்ணிப் பாராமல், அவற்றைத் திறந்து பார்த்து மதிப்பிடுவார்களாக.