உடுத்தாத உடைக்கு எத்தனை வயது?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் பழந்துணிப் பொதி ஒன்று இறங்கினால், சுங்கத் துறைக்கு அந்தத் துணியின் வயது முக்கியமில்லை. யாராவது உடுத்தியதா என்பதுதான் கேள்வி. சுங்கக் கட்டண அட்டவணையின் 63ஆம் அத்தியாயக் குறிப்பு இதைத் தெளிவாக வரையறுக்கிறது: 6309 என்ற தலைப்பில் பழந்துணியாகச் சேர வேண்டுமானால் அது கண்ணுக்குத் தெரியும்படி தேய்ந்திருக்க வேண்டும், மொத்தமாகவோ பேலாகவோ சாக்கில் கட்டியோ வந்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்துவிட்டால் இறக்குமதிக்குத் தனி உரிமம் தேவை. அறுபது ஆண்டுக்கு முன் தைத்து யார் உடம்பிலும் ஏறாமல் கிடந்த காக்கிச் சட்டை, இந்தக் கணக்கில் புதுத்துணி.

பழைய உடைகளை வாங்கி விற்பவர்களின் சந்தையில் அதே சட்டை பழம்பொருள். உடுத்தாதது என்பதாலேயே விலையும் கூடும். ஆலைக் கஞ்சி கலையாமல், மடிப்பு விரியாமல், விலைச்சீட்டு தொங்கியபடி இருக்கும் பழைய வேலை உடையை அங்கே ‘டெட் ஸ்டாக்’ என்கிறார்கள். ஓடாத சரக்கென்று நம் ஜவுளிக் கடைகளில் பரணில் ஏற்றிவைப்பார்களே, அதேதான். சுரங்கம், ரயில்வே, பண்ணை, துறைமுகம் என்று உழைப்பவர்களுக்காகத் தைத்த உடைகளுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் நிலையான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். உடையின் ஆண்டைக் கணிப்பதும், கணித்த ஆண்டை வைத்து விலை சொல்வதும் சேர்ந்ததுதான் இந்த வணிகம்.

இதன் சிறப்பை முதலில் சொல்லிவிடலாம். துவைத்துத் துவைத்து வெளுத்த துணியில் அழிந்துபோன செய்திகள் உடுத்தாத துணியில் அப்படியே இருக்கின்றன. சாயத்தின் முதல் நிறம், நெசவின் இறுக்கம், தையல் நூலின் பருமன், வெட்டும்போது இட்ட சாக்குக்கட்டிக் கோடு எல்லாம் கிடைக்கும். துணி முன்கூட்டியே சுருக்கப்படும் சான்ஃபரைசிங் முறை அமெரிக்காவில் 1930இல் காப்புரிமை பெற்றது. அது பரவும்வரை பருத்தி உடைகள் முதல் சலவையிலேயே கணிசமாகச் சுருங்கின. அந்தச் சுருக்கத்துக்குத் தைத்தவர் எவ்வளவு இடம் விட்டார் என்பதைத் தண்ணீர் படாத உடையில்தான் அளக்க முடியும்.

காலக் கணிப்பும் வெறும் ஊகமல்ல. லீவைஸ் கால்சட்டையில் பின்பக்கம் ஒரே பை என்றால் 1901க்கு முந்தியது. இடைவார் கோக்கும் வளையம் இருந்தால் 1922க்குப் பிந்தியது. சிவப்பு நாடாவில் பெயரிலுள்ள ஆங்கில ‘E’ பெரிய எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் 1971க்கு முன். இந்த அடையாளங்களைத் தெரிந்துகொண்ட யாரும் விற்பவர் சொல்வதைச் சரிபார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டுச் சரக்குக்கும் இப்படி ஒரு படிக்கட்டு உண்டு. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், அல்லது பழக்கம் மாறாத கடை. நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். ‘மதராஸ் ஸ்டேட்’ என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. ஊர் தூத்துக்குடி என்றும் மாவட்டம் திருநெல்வேலி என்றும் போட்டிருந்தால் 1986க்கு முன். சென்னைப் பெரம்பூரின் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலை காக்கித் துணிக்குப் பெயர்பெற்றது. 1996இல் அது மூடப்பட்டதால் அங்கே நெய்த துணிக்கு அந்த ஆண்டே மேல் வரம்பு.

எழுத்தும் சாட்சி சொல்லும். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. அதுவரை லை, ணை, னை, ளை ஆகியவை தும்பிக்கை போல் மேலே சுழித்த வடிவில் அச்சாயின. ‘விலை’ என்று போடாத சீட்டு ஏது? அந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே காலத்தின் ஒரு பக்கம் பிடிபட்டுவிடும்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இந்த அடையாளங்களில் பல, சீட்டின் வயதைச் சொல்பவை. துணியின் வயதை அல்ல. ஆயிரக்கணக்கில் அச்சடித்த சீட்டுக் கட்டு தீரும்வரை கடைக்காரர் அதையே ஒட்டுவார். அச்சகத்தில் பழைய அச்சுக்கட்டை இருக்கும்வரை பழைய லையும் இருக்கும். மறுபுறம், சீர்திருத்த எழுத்தைப் பெரியார் தம் இதழ்களில் 1935லிருந்தே பயன்படுத்திவந்தார். ஆகவே புதிய லையைக் கண்டதும் 1978க்குப் பின் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. தேங்கிய சரக்கின் மேல் புதிய விலைச்சீட்டு ஒட்டுவதும் சாதாரணம். அப்போது துணிக்கு ஒரு வயது, சீட்டுக்கு ஒரு வயது.

பொருளைச் சோதிக்கும் முறைகளும் ஒருபக்கக் கதவுகள்தாம். தையல் நூலின் நுனியைக் கொளுத்தினால் பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட டெரிலின் வகைப் பாலியெஸ்டர் இழை இந்தியாவில் 1960களில்தான் உற்பத்திக்கு வந்தது. ஆக, உருகும் நூல் இருந்தால் ‘இதற்கு முன் இல்லை’ என்று சொல்லலாம். பருத்தி நூல் இருப்பதால் எதுவும் உறுதியாகாது, அது இன்றும் கிடைக்கிறது. புற ஊதா விளக்கில் துணி பளிச்சென்று ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி ஏறியிருக்கிறது என்று பொருள். அது பிற்காலத்தில் பரவிய பொருள், உடுத்தாத 1930களின் சட்டை என்று விற்பவர் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

வயது உறுதியாகத் தெரிந்தாலும் பொருள் இன்னதென்று தெரியாமல் போவதற்குக் கடலே ஒரு சான்று தந்திருக்கிறது. எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா என்ற கப்பல் 1857 செப்டம்பரில் புயலில் மூழ்கியது. அதிலிருந்து மீட்ட பெட்டி ஒன்றில் கிடைத்த கால்சட்டை 2022இல் 1,14,000 டாலருக்கு ஏலம் போனது. கப்பல் மூழ்கிய நாள் தெரியும் என்பதால் ஆண்டைப் பற்றிச் சந்தேகமே இல்லை. சுரங்கத் தொழிலாளர் உடை, லீவை ஸ்ட்ராஸோடு தொடர்பிருக்கலாம் என்று ஏலம் விட்டவர்கள் சொன்னார்கள். லீவைஸ் நிறுவனத்தின் வரலாற்றாளரோ அது லீவைஸும் இல்லை, சுரங்க உடையும் இல்லை என்று மறுத்தார். சட்டையிலோ கால்சட்டையிலோ சீட்டு இல்லாதபோது, கதை சொல்பவரின் வாய்க்கு ஏற்ப விலை ஏறுகிறது.

உடுத்தாதது என்றால் கெடாதது என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வது இன்னொரு குறை. பருத்தியைப் பரண் தின்னும். கஞ்சி போட்ட துணியை இராமபாணப் பூச்சி தேடி வரும். பல ஆண்டு ஒரே மடிப்பில் கிடந்த இடத்தில் மஞ்சள் கோடு விழும், பிறகு அந்தக் கோட்டிலேயே இழை அறும். கந்தகச் சாயம் ஏற்றிய கறுப்புத் துணி இன்னும் மோசம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தச் சாயத்திலிருந்து அமிலம் உண்டாகி நூலை அரித்துவிடும். பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், கையை நுழைத்தால் கிழியும். உப்புக் காற்று வீசும் தூத்துக்குடியில் இரும்புக் கொக்கிக்கும் பித்தளைப் பொத்தானுக்கும் என்ன நேரும் என்று அந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘உடுத்தாதது’ என்பதை மட்டும் எழுதிவிட்டு இவற்றைச் சொல்லாமல் விடும் வணிகர் பாதி உண்மையைத்தான் விற்கிறார்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான குறை ஒன்று உண்டு. அது எஞ்சிய சரக்கின் இயல்பிலேயே இருக்கிறது. 1893ஆம் ஆண்டின் லீவைஸ் கால்சட்டை ஒன்று 2018இல் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலருக்கு விலைபோனது. அதை முதலில் வாங்கியவர் அரிசோனாவின் டூசான் நகரக் கடைக்காரர் சாலமன் வார்னர். உடல்நலம் கெட்டதால் ஒருசில முறைக்கு மேல் அவர் அதை அணியவில்லை. பிறகு பெட்டிக்குள் கிடந்தது. இடுப்பளவு 44 அங்குலம். சுரங்கத்தில் உழைத்தவரின் உடல்வாகையோ அவர் துணி எங்கே முதலில் கிழிந்தது என்பதையோ இதை வைத்துச் சொல்ல முடியாது. வேலைக்குப் போன உடை வேலையிலேயே கிழிந்து முடிந்தது. வேலைக்குப் போகாதது காட்சிப் பொருளாயிற்று. விற்காத அளவு, பிடிக்காத நிறம், கடைக்காரர் தப்பாகக் கணித்த பருவம் ஆகியவையே பரணில் தங்கும். அவற்றைக் காட்டி ‘அந்தக் காலத் தொழிலாளி இதைத்தான் உடுத்தினார்’ என்பது, ஓடாத சரக்கை வைத்து ஓடிய சரக்கை விளக்குவது.

இந்தக் குறை முத்துக்குளித்துறைக் கரையில் பளிச்சென்று தெரிகிறது. பருத்தி ஏற்றுமதியின் பெயரில் வெஸ்ட் கிரேட் காட்டன் ரோடு என்று சாலையே இருக்கும் ஊர் தூத்துக்குடி. 1888இல் ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலை வந்தது, 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தலைமை தாங்கிய வேலைநிறுத்தம் அங்கேதான் நடந்தது. ஆனால் அந்த ஆலையின் முக்கியச் சரக்கு நூல். வயது கணிக்கத் தைத்த உடை அதிலிருந்து கிடைக்காது. கடலுக்குள் முத்து எடுத்தவர்களோ இடையில் ஒரு துண்டுத் துணி, இடுப்பில் சிப்பி போடும் வலைப்பை, கையில் குளிகல் கட்டிய கயிறு என்று இறங்கினார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த கடைசி அரசு முத்துக்குளிப்புகளோடு அந்தத் தொழில் நின்றது. பொத்தானும் சீட்டும் தேடும் கண்ணுக்கு அந்தத் தொழிலாளி தெரியவே மாட்டார்.

தோணியில் சரக்கு ஏற்றியவர் கட்டியது சாரம், அதாவது கைலி. நெய்த துணியை வாங்கி, கடை வாசல் தையற்காரரிடம் மூட்டிக்கொள்வார். மூட்டாத சாரம் கிடைத்தால் சந்தை மொழியில் அது டெட் ஸ்டாக். மூட்டியது உடுத்தியதன் முதல் சான்று. உப்பளத்தில் போய்ப் பார்த்தால் ஆண் உடை என்ற வகைப்பாடே ஆட்டம் காணும். வெயிலும் உப்பும் கையைச் சுடாமலிருக்கப் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்கள் உப்பு வாருகிறார்கள். அந்தச் சட்டையின் இரண்டாம் வாழ்வு எந்த விற்பனைப் பட்டியலிலும் வராது.

உடுத்திய துணிக்கென்று ஓர் ஆவணமும் இருந்தது. சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் இட்ட குறி எளிதில் போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. குற்றம் துப்புத்துலக்கக் காவல் துறையே அந்தக் குறியைப் பின்பற்றிப் போனதுண்டு. உடை ஒரு மனிதரிடம் இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. சந்தையிலோ அது குறைபாடு. விலையை இறக்கும் கறை.

இன்றைய சரக்கு நாளைய டெட் ஸ்டாக் ஆகும்போது நிலைமை இன்னும் சிக்கலாகும். திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றிய பெட்டிகள் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறுகின்றன. ஏறாமல் நின்ற மிச்சம் திருப்பூரின் காதர்பேட்டைக் கடைகளுக்கு வருகிறது, பல நேரம் லேபிளை வெட்டிவிட்டு. வாங்கிய நிறுவனத்தின் பெயரைக் காக்க வெட்டுகிறார்கள். காலத்தைச் சொல்லும் சான்றும் அதோடு போகிறது.

ஆகவே இந்த வணிகத்தை ஏமாற்று என்று ஒதுக்கவும் முடியாது, வரலாறு என்று ஏற்கவும் முடியாது. எந்த அருங்காட்சியகமும் தேடாத காலத்தில் காக்கிக்கும் முரட்டுத் துணிக்கும் விலை வைத்து, எரிக்கவோ கரித்துணியாக்கவோ இருந்ததைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். தையல் முறையைப் படிக்க விரும்புவோர் இவர்களுக்குக் கடன்பட்டவர்கள். தவறு, ஒற்றை ஆண்டைத் துணிந்து எழுதுவதிலும், தொழிலாளியின் வாழ்க்கையை அந்த ஆண்டோடு சேர்த்து விற்பதிலும் இருக்கிறது. ‘1962, துறைமுகத் தொழிலாளர் சட்டை’ என்ற சீட்டுக்கும், ‘1957க்கும் 1964க்கும் இடையில், ஆதாரம் நயா பைசா விலைச்சீட்டு, நூல் பருத்தி, மடிப்பில் இழை பலவீனம், யாருக்காகத் தைத்தது என்று தெரியவில்லை’ என்ற சீட்டுக்கும் உள்ள தூரம்தான் இந்த வணிகம் கடக்க வேண்டியது. இரண்டாவது சீட்டுக்குக் குறைந்த விலை கேட்கும் பழக்கத்தை வாங்குபவர்கள் விடாதவரை, விற்பவர்கள் முதலாவதையே எழுதிக்கொண்டிருப்பார்கள்.