ரீஜென்சி டிஆர்-1: கோட்டை விட்ட கம்பெனியா?

உலகில் முதலில் விற்பனைக்கு வந்த டிரான்சிஸ்டர் ரேடியோ எதுன்னு கேட்டா, பலரும் சோனி என்பார்கள். இல்லை. 1954 அக்டோபரில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் இருந்த ஐ.டி.இ.ஏ. என்ற சின்னக் கம்பெனி, ரீஜென்சி என்ற தன் பிராண்டில் டிஆர்-1ஐ அறிவித்தது. சோனியின் டிஆர்-55 வந்தது அடுத்த வருஷம்.

விஷயம் தெரிந்தவர்கள் இன்னொரு கதை சொல்வார்கள்: "முதலில் வந்தும் கோட்டை விட்டுட்டாங்க." இந்தக் கதைதான் எனக்கு ஒப்பவில்லை. ரேடியோவைத் திறந்து பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

உள்ளே இருப்பது நாலே நாலு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அலைவரிசையைப் பிடித்து மாற்ற ஒன்று, சிக்னலைப் பெருக்க இரண்டு, ஸ்பீக்கரை ஓட்ட ஒன்று. ஏன் நாலு? டிரான்சிஸ்டர் அப்போது ஒன்று இரண்டரை டாலர். ரேடியோவின் விலையோ 49.95 டாலர். ஐந்தாவதுக்குப் பணம் இல்லை! அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் உயர் அதிர்வெண்ணில் திணறும் என்பதால், வழக்கமான 455 கிலோஹெர்ட்ஸை விட்டு 262க்கு இறங்கினார்கள். கஞ்சத்தனத்தில் பிறந்த கெட்டிக்காரத்தனம் இது.

குறையும் உண்டு. சட்டைப்பை அளவுப் பெட்டிக்குள் சத்தம் மெலிசு. 22.5 வோல்ட் பேட்டரி இருபது மணி நேரம் தாங்கினால் பெரிசு. வெளியே சிகாகோ வடிவமைப்பாளர்கள் போட்டுக் கொடுத்த வட்ட டயலும் பளிச் நிறங்களும் என்னவோ அழகுதான். ஆனா காதுக்குக் கிடைத்ததைவிடக் கண்ணுக்குக் கிடைத்ததே அதிகம். இருந்தும் ஏறக்குறைய ஒரு லட்சம் விற்றது.

சரி, லாபம் யாருக்கு? டிரான்சிஸ்டரைச் செய்து கொடுத்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ். அதற்கு ரேடியோ வியாபாரம் குறியில்லை. டிரான்சிஸ்டர் வீட்டுப் பொருளாகும் என்று ஊருக்குக் காட்டணும். பெரிய ரேடியோ கம்பெனிகள் கைவிரித்த பிறகு, டிவி ஆண்டெனா பூஸ்டர் செய்துகொண்டிருந்த இந்தச் சின்னக் கம்பெனி துணிந்தது. ஐபிஎம்மின் தாமஸ் வாட்சன் ஜூனியர், டிரான்சிஸ்டரை நம்பாத தன் பொறியாளர்கள் கையில் இந்த ரேடியோவைத்தான் கொடுத்தாராம். பிற்பாடு ஐபிஎம்முக்கு டிரான்சிஸ்டர் விற்றதில் டெக்சாஸ் முக்கியமான கம்பெனி.

ஆக, டிஆர்-1 தோற்ற ரேடியோ இல்லை, ஜெயித்த விளம்பரம். செலவும் அபாயமும் சின்னவனுக்கு, அறுவடை பெரியவனுக்கு. இதைச் சொல்லாமல் "தொலைநோக்கு இல்லை" என்று முடிப்பது நியாயமில்லை.

நம்ம ஊரிலும் ஒரு காலத்தில் ரேடியோவையே "டிரான்சிஸ்டர்" என்றுதான் சொன்னார்கள். உள்ளே இருந்த பாகத்தின் பெயர் பெட்டிக்கே வந்துவிட்டது. அந்தப் பாகம் வைத்த ரேடியோவை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த கம்பெனியின் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை.